இருநூற்றுப் பதினேழாவது எர்த்

எங்கள் ஆலையில் கரண்ட் அடித்து இதுவரை ஒருவரும் செத்ததில்லை. காரணம் கேட்டால் பாதுகாப்பு அதிகாரி ராயப்பன் சுவரில் தொங்கும் கேடயத்தைக் காட்டுவார். மண்டலத்திலேயே அதிக எர்த் இணைப்பு கொண்ட ஆலை என்று எண்பத்தாறாம் வருஷம் கொடுத்தது. மொத்தம் இருநூற்றுப் பதினாறு. மோட்டாருக்கு, பெட்டிக்கு, பீரோவுக்கு எல்லாம் எர்த் உண்டு. கேன்டீனில் வடை பொரிக்கும் விறகடுப்புச் சட்டிக்கும் உண்டு. விறகில் எங்கேயப்பா கரண்ட் என்று ஒரு பாவி கேட்டான். வந்த பிறகு எர்த் தேடி ஓட முடியுமா என்று ராயப்பன் திருப்பிக் கேட்டார்.

என் பெயர் சண்முகசுந்தரம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் உள்ள இந்த ஆலையில், பராமரிப்பு ஆபீசில் மேல்நிலை எழுத்தர். கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். பேசியதை எழுதினால் யாருக்கும் பிடிக்காது. பேசியிருக்க வேண்டியதை எழுதுவேன். அந்தத் திறமைக்காகத்தான் மூன்று ஜி.எம். மாறியும் என்னை மாற்றவில்லை.

இந்தக் கதை லட்சுமணனைப் பற்றியது. உலைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் உலை பார்த்தவர். ராணுவ டாங்கிக்குப் போகும் பல்சக்கரங்களை எண்ணூற்றைம்பது டிகிரியில் வேக வைத்து, எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும். சூடு கூடினால் விரிசல் விடும், குறைந்தால் மெத்தென்று ஆகிவிடும். லட்சுமணன் கை பட்ட சக்கரம் இருபத்தைந்து வருஷம் விரிசல் விட்டதில்லை. இருபத்தாறாவது வருஷம் வாரத்துக்கு நாலு சக்கரம் விரிசல் விட ஆரம்பித்தது.

அந்த வருஷம்தான் உலைக்குப் புது ஏற்பாடு வந்திருந்தது. உலைக்குள் ஒரு கம்பி சூட்டைப் பார்க்கும். அதன் தலையில் உள்ள சின்னப் பெட்டி, பார்த்த சூட்டைக் கரண்டாக மாற்றி அனுப்பும். சூடே இல்லை என்றால் நாலு மில்லியாம்பியர், முழுச் சூடு என்றால் இருபது. அந்த ஒரே கரண்ட் ஒரே ஒயரில் கிளம்பி, முதலில் ஆய்வுப் பிரிவில் சூட்டைக் காகிதத்தில் வரையும் ரெக்கார்டருக்குப் போகும். அங்கிருந்து ஜி.எம். அறை மீட்டருக்கு. கடைசியில் உலைப் பக்கம் சூட்டை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலரைத் தொட்டுவிட்டு வீடு திரும்பும். ஜி.எம். அறையில் மீட்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது. விருந்தாளிகள் வந்தால் காட்டுவார்.

மூன்றும் ஒரே சூட்டைத்தான் காட்ட வேண்டும். ஆனால் கன்ட்ரோலர் எண்ணூற்றைம்பது என்றது, ஆய்வு ரெக்கார்டர் தொள்ளாயிரத்துப் பத்து என்றது. ஜி.எம். அறை முள் எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் பால்ராஜ். மண்ணூர்பேட்டைப் பையன், எங்கள் ஆலையில் மீட்டர் மெக்கானிக். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து, என் டம்ளரையும் தண்ணீர் ஜாடியையும் எடுத்து வைத்து விளக்கினான்.

"ஒரே பைப்பு மூணு ஊட்டு மீட்டரத் தாண்டிப் போவுதுன்னு வெச்சிக்கோங்க சார். மூணும் ஒரே கணக்குதான காட்டணும்? நடு ஊட்டுக்காரன் பைப்புல ஓட்ட போட்டான்னா கடைசி ஊட்டுல கொறைவா காட்டும். இந்த லைன ஒரே ஒரு எடத்துலதான் எர்த்து பண்ணணும். இங்க இன்னா பண்ணிகீறாங்க? ஆய்வுல ஒண்ணு, ஜி.எம். ரூம்ல ஒண்ணு, ஒலையாண்ட ஒண்ணு. பாதி கரண்ட்டு மண்ணுக்குள்ள பூந்து குறுக்கால போயிடுது. பக்கத்து ஷெட்டுல வெல்டிங் வெச்சா அந்தக் கரண்ட்டு வேற உள்ள வந்துகினு கீது. லட்சுமணன் அண்ணாத்தே இன்னா பண்ணுவாரு? அவரு மெசினு கொறைவா காட்டுது, தானா சூட்ட ஏத்துது. சக்கரம் வெடிக்குது."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டு பச்ச ஒயரக் கழட்டணும். ஸ்குரு டிரைவர் இருந்தா பத்து நிமிசம்."

நான் சிரித்தேன். பச்சை ஒயர் எர்த் ஒயர். எங்கள் ஆலையில் ஆளைக் கூடக் கழற்றிவிடலாம், எர்த்தைக் கழற்ற முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எர்த் குழி உண்டு. கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, மேலே சிமென்ட் மூடி போட்டு, பிரிவுத் தலைவர் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். அது எண்பத்தேழாம் வருஷக் கோடை. குவார்ட்டர்ஸுக்கு இரண்டு நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர், குடும்பத்துக்கு ஆறு குடம். எர்த் குழிக்கு மட்டும் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. நம்ம வீட்டு வாசலிலும் ஒரு எர்த் குழி தோண்டிவிடு, தண்ணியாவது வரும் என்று பால்ராஜின் மனைவி ஞானகுமாரி அவனிடம் சொன்னாளாம். அவள் கிண்டலாகச் சொன்னாள். மறு மாதம் இரண்டு அதிகாரிகள் நிஜமாகவே அப்படிச் செய்தார்கள்.

பால்ராஜ் முறையாக மனுக் கொடுத்தான். மூன்று பிரிவுக்கும் மும்மூன்று நகல். மின்பிரிவுத் தலைவர் பக்தவத்சலம் படித்துவிட்டு, "கரெக்டுதாம்பா. ஒரே எர்த்துதான் இருக்கணும். தாராளமா கழட்டு, அந்த ஆய்வு அம்மாவோடத" என்றார். ஆய்வுப் பிரிவுத் தலைவர் ஹில்டா அம்மாவும் படித்துவிட்டு, கொள்கை சரி, மின்பிரிவு எர்த்தைக் கழற்றலாம் என்று எழுதினார். ராயப்பன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இருநூற்றுப் பதினாறிலிருந்து இரண்டைக் கழித்து ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்து, அடித்துவிட்டு, கூட்டத்துக்கு அனுப்பினார்.

அதற்குள் லட்சுமணனுக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் சஸ்பென்ஷன். அதற்கு மேல் விசாரணை, விசாரணைக்கு மேல் டிஸ்மிஸ். டிஸ்மிஸ் என்றால் வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். அந்த வீட்டில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது.

'எர்த் ஒருங்கிணைப்புக் குழு' சித்திரை மாதம் கூடியது. ஜி.எம். தலைமை. பால்ராஜைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன்.

பக்தவத்சலம் எழுந்தார். "சார், முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன். எர்த்துங்கறது தாய்ப்பால் மாதிரி. ஜாஸ்தியா குடுத்து எந்தப் பிள்ளையாவது கெட்டுப் போயிருக்கா? இந்த லைன்ல எர்த்து போடற உரிமை மின்பிரிவுக்கு. மத்தவங்க போட்டது ஆக்கிரமிப்பு."

ஹில்டா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆய்வுப் பிரிவு உற்பத்திக்குக் கட்டுப்பட்டதில்லை. என் ரெக்கார்டரை அவங்க எர்த்துல கட்டினா, நாளைக்கு என் ரிப்போர்ட்டும் அவங்க சொல்றபடிதான் வரும். சுதந்திரமா ஆய்வு செய்ய சுதந்திரமான எர்த் வேணும். சூடு என்னங்கறது இங்க பிரச்சினையே இல்லை."

"சக்கரம் விரிசல் விடுதேம்மா" என்றார் ஜி.எம்.

"விரிசலை நாங்க கண்டுபிடிச்சிடறோமே சார். போன வருஷம் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்கலை, இந்த வருஷம் வாரத்துக்கு நாலு கண்டுபிடிக்கிறோம்."

ஜி.எம். அதைப் பாராட்டினார். அதையும் எழுதினேன்.

ராயப்பன் கேடயத்தையே கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டார். "ஆவணி மாசம் மறுபடி தணிக்கை வருது சார். எண்ணிக்கை ஏறலாம், இறங்கக் கூடாது. ரெண்டைக் கழட்டினா அந்த ரெண்டு எங்கேன்னு கேப்பான். ஏன்னா, எண்ணத் தெரிஞ்சவன்தான் தணிக்கைக்கே வர்றான்."

ஜி.எம். நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லணும். என் ரூம் மீட்டர்ல முள் ஆடுது பாருங்க, கிரேன் ஓடினா ஒரு ஆட்டம், வெல்டிங் வெச்சா ஒரு ஆட்டம். அதைப் பாக்கறப்போ ஆலை மூச்சு விடற மாதிரி இருக்கு. இங்க இருந்துகிட்டே நான் எல்லாத்தையும் உணர்றேன்."

சுவரோரம் நின்ற பால்ராஜ் வாயைத் திறந்தான். "சார், முள்ளு ஆடக் கூடாது சார். அது ரிப்பேரு."

அவன் பேச்சை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. பத்து நிமிஷம் சோதித்துக் காட்ட அனுமதி கேட்டான். கருணையோடு கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, சோதனை நடக்கும்போது பாதுகாப்பு கருதி எந்த எர்த் இணைப்பையும் கழற்றக் கூடாது. எர்த்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை எர்த்தைக் கழற்றாமல் காட்ட வேண்டும். பால்ராஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே நாலு பூசாரி, சாமியே கிடையாது. கூட்டம் முடிவதற்குள் ஒரு தீர்மானமும் வந்தது. மூன்று எர்த்துகளுக்கும் நடுவே பிணக்கு இருப்பதால், அவற்றை ஒருங்கிணைக்க நாலாவதாக ஒரு எர்த் போடுவது. இருநூற்றுப் பதினேழாவது.

அதற்குத் திறப்பு விழா நடந்தது. குழிக்கு மஞ்சள் பூசி, பூ சுற்றி, பூசணிக்காய் உடைத்தார்கள். ஹில்டா அம்மாவுக்காக ஒரு போதகர் வந்து ஜெபமும் செய்தார். ஜி.எம். மனைவி வெள்ளிக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார். அன்று குவார்ட்டர்ஸுக்கு வரவேண்டிய லாரி விழாவுக்குப் போய்விட்டதால், பெண்கள் காலிக் குடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்று விழாவைப் பார்த்தார்கள். கூட்டம் திரளாக வந்திருந்தது என்று எழுதினேன்.

நாலாவது எர்த் சேர்ந்ததும் ஜி.எம். அறை முள் இரண்டு பக்கமும் முட்டித் திரும்பியது. அவர் பரவசப்பட்டார். அதே வாரம் உலையிலிருந்து எடுத்த நாற்பது சக்கரமும் விரிசல் விட்டன. லட்சுமணன் சஸ்பெண்ட் ஆனார்.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார். கூடவே பால்ராஜ். நான் பின்னால் வந்தேன்.

"பால்ராசு, என் கண்ணு கெட்டுப் போச்சா நைனா? எட்நூத்தம்பதுதான் காட்டுச்சி. ஒலைக்குள்ள பாத்தா கலரு வேறயா கீது. மெசினு பொய் சொல்லுமா, நம்ம கண்ணுதான் பொய்யின்னு உட்டுட்டேன்."

"ஒன் கண்ணு கரெக்டு அண்ணாத்தே."

"அத யாராண்ட போயி சொல்லுவ?"

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பால்ராஜ் என்னிடம் வந்து, "சார், ஒரு நிமிசம் கூட வாங்க" என்றான். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை எனக்கும் எங்கேயோ மனசாட்சி என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. ஆய்வுப் பிரிவில் ஒன்று, ஜி.எம். அறைக்குப் பின்னால் ஒன்று, புது எர்த் ஒன்று என்று மூன்று பச்சை ஒயரைக் கழற்றினான். உலைப் பக்கத்து ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். ஒவ்வொரு இடத்திலும் அவன் பக்கத்தில் நான் நின்றேன்.

உலைச் சூடு இறங்கி நிலைக்கும் வரை பொறுத்துப் போய்ப் பார்த்தோம். கன்ட்ரோலரில் எண்ணூற்றைம்பது. ரெக்கார்டரில் எண்ணூற்றைம்பது. ஜி.எம். அறைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அங்கேயும் முள் எண்ணூற்றைம்பதில் அசையாமல் நின்றது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பொறி பறந்தது. முள் அசையவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் எங்கள் ஆலையில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் அப்படியே ஓடியது. லட்சுமணனுக்குப் பதிலாக அப்பாவு என்பவர் உலை பார்த்தார். பயந்த மனுஷர், எந்தத் திருகையும் தொடமாட்டார். ஒன்பது நாளில் ஒரு சக்கரத்தில்கூட விரிசல் இல்லை.

பத்தாம் நாள் ஜி.எம். அறையிலிருந்து புகார் வந்தது. மீட்டர் செத்துவிட்டது, முள் ஆடவில்லை. பக்தவத்சலத்தின் ஆட்கள் வந்து தேடிப் பார்த்து, மூன்று ஒயரையும் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போனார்கள். சத்தம் போட்டால் தணிக்கைக் கணக்கு பொய்யாகிவிடும். அந்த ஒன்பது நாளுக்குள்தான் தணிக்கைக்காரர்கள் ஆவணிக்குப் பதில் ஆனியிலேயே வந்து, இருநூற்றுப் பதினேழு என்று ரிஜிஸ்தரைப் பார்த்து எழுதிக்கொண்டு, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

லட்சுமணனின் விசாரணை அடுத்த திங்கட்கிழமை. பால்ராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல வந்தான். ஒயரைக் கழற்றியது தான்தான் என்றான். கழற்றியதும் மூன்று மீட்டரும் ஒன்றானதையும், சக்கரம் சரியாக வந்ததையும் சொன்னான். தண்டனை எதுவானாலும் தனக்கே கொடுக்கும்படிக் கேட்டான்.

ராயப்பன் சிரித்த முகத்தோடு, "தம்பி, எர்த்து எதுவும் கழட்டப்படலை. தணிக்கை ரிப்போர்ட் இருக்கு. இருநூத்திப் பதினேழு" என்றார்.

"நான்தான் கழட்டினேன் சார். எனக்கு சார்ஜ் ஷீட் குடுங்க."

"நடக்காத குத்தத்துக்கு எப்படிப்பா குடுக்கறது? நிர்வாகம் நியாயமா நடந்துக்கணும் இல்லையா" என்றார் ஜி.எம்.

ஹில்டா அம்மா காகிதச் சுருளை விரித்தார். "என் ரெக்கார்டர் இந்த ஒன்பது நாளும் சரியான சூட்டைத்தான் காட்டுது. இது சுதந்திரமான ஆதாரம். லட்சுமணன் இருந்தப்போ தப்பு. லட்சுமணன் போனதும் சரி. இதுக்கு மேல என்ன வேணும்?"

பால்ராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. லட்சுமணனைக் காப்பாற்ற அவன் செய்ததே அவர் கழுத்துக்குக் கயிறாக வந்திருந்தது. லட்சுமணன் ஒன்றும் விளங்காமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்முகசுந்தரம் சார் பாத்தாரு" என்றான் பால்ராஜ். "என் கூடவேதான் இருந்தாரு. கேளுங்க சார் அவர."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. "என்ன சார், பாத்தீங்களா?" என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. எனக்கு ரிட்டையராக மூன்று வருஷம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் இருந்தாலும் அன்றைக்கு என் வாயிலிருந்து அதேதான் வந்திருக்கும்.

"சாப்பாட்டு நேரம் சார். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டு அதை எழுதவும் செய்தேன்.

ஒயர்கள் மாட்டப்பட்ட இரண்டாம் வாரம் அப்பாவு எடுத்த சக்கரங்களும் விரிசல் விட்டன. எனக்கு ஒரு நப்பாசை பிறந்தது, இனியாவது புரியும் என்று. அப்பாவுவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் லட்சுமணன் என்பதால், அந்த விரிசல்களையும் லட்சுமணன் கணக்கிலேயே சேர்த்தார்கள். பால்ராஜை மீட்டர் வேலையிலிருந்து எடுத்து, எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ரிஜிஸ்தருக்குப் பொறுப்பாளியாக்கினார்கள். அது தண்டனை இல்லை, பதவி உயர்வு. உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான்.

லட்சுமணனின் டிஸ்மிஸ் ஆர்டர் வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு பக்கம், இங்கிலீஷில். சாயங்காலம் மனைவி சொர்ணத்தையும் கூட்டிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்கிலீசுல கீது சார். புள்ளைங்களாண்ட காட்ட வெக்கமா கீது. நீங்க கொஞ்சம் படிச்சி சொன்னீங்கன்னா" என்று காகிதத்தை நீட்டினார்.

என் டைப் எழுத்து. ஒரு பிழை கிடையாது. கீழே உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இருபத்தாறு வருஷம் என்று வந்த இடத்தில் சொர்ணம் தலையாட்டினார். நாலாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. எர்த் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதை நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை.

லட்சுமணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பால்ராசு ஒண்ணு சொல்லிகினு கீறான் சார். நீங்க அவன் பக்கத்துலயே நின்னீங்கன்னு. மூணு மீட்டரும் ஒண்ணா காட்டுனதப் பாத்து உங்க கண்ணு கலங்கிப் போச்சின்னு. எனக்கு வேலை போனா போவுது. மெசினு எட்நூத்தம்பது காட்டுச்சிதான சார்? நான் தப்பா ஓட்டல இல்ல?"

சொர்ணம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுத்த வரியைப் படித்தேன். பதினைந்து நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அவர் காதில் சரியாக விழவில்லை என்பது போல, அதை இன்னொரு தரம் படித்தேன்.